தறி ஓடும் வீட்டில் நான்காம் வகுப்பு

ஆண்டுக்கு 365 நாள். நாளுக்குப் பத்து மணி நேரம் தூக்கத்துக்குப் போனால், ஒரு குழந்தை விழித்திருப்பது 14 மணி நேரம். பெருக்கிப் பார்த்தால் 5,110 மணி. பள்ளிக்கூடம் நடப்பது சுமார் 210 நாள். நாளுக்கு ஆறரை மணி நேரம் என்று தாராளமாகவே வைத்தாலும் 1,365 மணி. காலை வணக்கம், சாப்பாட்டு மணி, விளையாட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பள்ளிக்கு வாய்ப்பது கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பாடத்திட்டம், பயிற்றுமொழி, தேர்வு என்று நாம் போடும் சண்டையெல்லாம் இந்தக் கால் பங்குக்காக. மீதி முக்கால் பங்கைக் கேட்பாரில்லை. கேட்கிறவர்களும் அதில் டியூஷனை நிரப்பி இன்னொரு பள்ளிக்கூடமாக்கத்தான் பார்க்கிறார்கள்.

அந்த முக்கால் பங்கு எங்கே கழிகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். பொதட்டூர்பேட்டையில் அது தறிக்குப் பக்கத்தில் கழிகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலை, பள்ளிப்பட்டு வட்டம். திருத்தணி மலையிலிருந்து வடமேற்கே போனால் வரும் நெசவாளர் ஊர். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் இதே தறி, இதே தொழில். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போனது. எல்லைச் சிக்கலை ஆராய்ந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது. கோடு எங்கே போட்டாலும் வீடுகளுக்குள் தமிழும் தெலுங்கும் கலந்துதான் புழங்குகின்றன. திருத்தணியைச் சொன்னால் குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணனைச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை, நானும் சொல்லிவிடுகிறேன்: தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து திருத்தணிப் பள்ளிக்குப் போன பையன் அவர். இரண்டு மொழி வீட்டில் வளர்வதால் பிள்ளை குழம்பிப்போகும் என்ற பயம் இன்றும் பெற்றோரிடம் உண்டு. உளவியலாளர் அஜித் மொகந்தி ஒடிசாவின் கந்தமால் பகுதியில் கோந்து இனப் பிள்ளைகளிடம் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்டது வேறு: தம் இனத்தின் குயி மொழி, ஒடியா இரண்டும் பேசிய பிள்ளைகள், ஒடியா மட்டுமே பேசிய பிள்ளைகளைவிட மொழியின் அமைப்பைக் கவனிப்பதில் முந்தியிருந்தார்கள். இந்த ஊரில் மொழிக் கலப்பு எனக்குக் கவலை தரவில்லை. சத்தம்தான் கவலை.

பழகிப்போன சத்தம்

விசைத்தறியில் நாடா ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாய்ந்தால் ஓர் ஊடை, அதாவது ஒரு குறுக்கு இழை, விழும். நாடாவை ஒரு கட்டை அடித்துத் தள்ளும். எதிர்ப்பெட்டியில் அது மோதி நிற்கும். அச்சு வந்து ஊடையை இறுக்கும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கும். நாடாத் தறிகள் ஓடும் கூடத்தில் ஒலி 90 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேரம் 85க்கு மேல் இருந்தாலே காலப்போக்கில் காது கெடும் என்பது தொழில் மருத்துவத்தின் பொதுக் கணக்கு. டெசிபெல் அளவு நம் ரூபாய்க் கணக்கு மாதிரி ஏறுவதில்லை. ஒவ்வொரு பத்துக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். உலக சுகாதார நிறுவனம் வகுப்பறைக்குச் சொல்லும் பின்னணி ஒலி 35. தறிக்கூடத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை ஆற்றலில் சொன்னால் லட்சம் மடங்குக்கும் மேல்.

தறிவீட்டில் யாரிடம் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: "எங்களுக்கு அது பழகிப்போச்சு." உண்மைதான். அந்தப் பழக்கத்துக்குப் பிள்ளை என்ன விலை கொடுக்கிறது என்பதை 1973இல் நியூயார்க்கில் அளந்து பார்த்தார்கள்.

மன்ஹாட்டனில் பெருஞ்சாலைக்கு மேலேயே கட்டப்பட்ட 32 மாடிக் குடியிருப்புகள் உண்டு. கீழே இடைவிடாமல் வண்டிகள் ஓடும். மாடி ஏற ஏறச் சத்தம் குறையும். ஷெல்டன் கோஹன், டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் மூவரும் அங்கே குடியிருந்த 54 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு சொற்களைச் சொல்லி, இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டார்கள். வாசிப்புத் திறனையும் பார்த்தார்கள். நான்கு ஆண்டும் அதற்கு மேலும் அங்கே வாழ்ந்த பிள்ளைகளிடம் விடை தெளிவாக வந்தது: வீடு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஒலி பிரித்தறிவதும் வாசிப்பும் தாழ்ந்திருந்தன. அவர்கள் தந்த விளக்கத்தில்தான் இந்த ஆய்வின் உயிர் இருக்கிறது. ஓயாத சத்தத்தில் வளரும் பிள்ளை அதைக் காதில் வாங்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. ஆனால் வேண்டாத ஒலியை மட்டும் தள்ளிவிட அந்த வயதில் தெரிவதில்லை. பேச்சொலியையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது. பழகிப்போவது என்றால் இதுதான்.

பெரியவர்களுக்கு இது அவ்வளவாக உறைக்காது. பாதி எழுத்து காதில் விழாவிட்டாலும் மீதியை நம் சொல்வளம் நிரப்பிக்கொள்ளும். "வலி" என்றாரா "வழி" என்றாரா என்பதை இடத்தை வைத்து ஊகித்துவிடுவோம். எட்டு வயதுக்கு அந்தக் கையிருப்பு இல்லை. மெய்யெழுத்துகளின் ஒலி உயிரெழுத்தைவிட மெலிந்தது. சத்தத்தில் முதலில் மூழ்குவது அதுதான். தறி ஓடும்போது அம்மா சொல்லித் தரும் பாடத்தில் பிள்ளைக்கு வந்து சேர்வது உயிரெழுத்து மட்டும்தான் என்று சொன்னால் மிகையில்லை. பிறகு ல, ள, ழ தகராறுக்காக நோட்டில் சிவப்பு மை விழுகிறது.

இன்னோர் ஆய்வும் அதே நகரத்தில்தான். ஒரு தொடக்கப் பள்ளியை ஒட்டி உயரப் பாதையில் ரயில் போகும். நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில். ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர் 1975இல், ரயில் பக்கத்து வகுப்பறைகளையும் மறுபக்கத்து வகுப்பறைகளையும் ஒப்பிட்டார். ஆறாம் வகுப்பு வருவதற்குள் ரயில் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். ஒரே பள்ளி, ஒரே பாடம், சுவர் மட்டும் வேறு. அவர் அதோடு விடவில்லை. அதிகாரிகளை நச்சரித்துத் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டை போட வைத்தார், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை பொருத்த வைத்தார். 1981இல் திரும்பிப் போய் அளந்தால் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1992இல் பழைய விமான நிலையத்தை மூடிவிட்டு வேறிடத்தில் புதிதாகத் திறந்தபோதும் இதே கதைதான். பழைய இடத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் நினைவும் தேறின; புதிய இடத்துப் பிள்ளைகளுடையது சரிந்தது.

இழந்தது திரும்பும் என்பதுதான் இந்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது. தறியை நிறுத்து என்று சொல்ல யாருக்கும் வாய் இல்லை. தறி நின்றால் அடுப்பும் நிற்கும். ஆனால் தறியின் காலடியில் கனத்த ரப்பர் பட்டை போட்டால் தரை வழியே சுவருக்கு ஏறும் அதிர்வு குறையும். நடுவில் சந்து இல்லாத கதவு ஒன்று இருந்தாலே இருபது டெசிபெல் அளவுக்கு இறங்கும். அதுவும் முடியாத வீட்டில், பிள்ளை வேறு இடத்தில் போய் உட்கார்ந்து படிக்க ஒரு மணி நேரம் வேண்டும். அந்த இடம் எது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தார் சுற்றுகிற கை

தறிவீட்டுப் பிள்ளைகளுக்கு நஷ்டக் கணக்கு மட்டும் எழுதினால் அது பாதிக் கதை. அந்த வீட்டில் இல்லாத கணக்குப் பாடமா?

நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றிக் கொடுப்பதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். வீட்டுப் பெண்களும் வயதானவர்களும் செய்வது. பிள்ளைகளும் கை கொடுப்பார்கள். ஒரு லுங்கியை எடுத்துக்கொள்வோம். அகலம் ஒன்றேகால் மீட்டர், நீளம் இரண்டு மீட்டர், இன்ச்சுக்கு 56 ஊடை. சென்டிமீட்டருக்கு 22 என்று ஆகிறது. 200 சென்டிமீட்டருக்கு 4,400 ஊடை. ஒவ்வொன்றும் ஒன்றேகால் மீட்டர் என்றால் மொத்தம் 5,500 மீட்டர். ஒரே ஒரு லுங்கிக்குள் ஊடை நூல் மட்டும் ஐந்தரை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, நெடுக்கு நூலான பாவு தனி. இந்த ஐந்தரை கிலோமீட்டர் எத்தனை தாரில் அடங்கும், எந்தத் தார் எப்போது தீரும், இந்தச் சிட்டத்துக்கு இன்னும் எத்தனை பீஸ் வரும் என்பதைப் பத்து வயதுப் பெண் பார்வையிலேயே சொல்லிவிடுவாள். அவளே பள்ளியில் வகுத்தல் கணக்கில் மீதியை எங்கே எழுதுவது என்று தெரியாமல் நிற்பாள்.

இந்த முரண் உலகம் பூராவும் உள்ளது. 1985இல் பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் தேங்காயும் சோளமும் விற்ற ஐந்து சிறுவர்களை டெரெசின்யா கராஹரும் அவரது கூட்டாளிகளும் சோதித்தார்கள். வாங்குகிறவர்களாக நின்று கேட்டபோது நூற்றுக்கு 98 விடை சரி. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37கூட இல்லை. காய் 35 குருசெய்ரோ, பத்துக் காய் எவ்வளவு என்றதற்கு ஒரு பையன் பூஜ்யத்தைச் சேர்க்கவில்லை. மூன்று காய் 105, இன்னும் மூன்று 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350ஐப் பிடித்தான். பள்ளி சொல்லித் தந்த குறுக்குவழி அவன் தலையில் வேறு ஏதோ பரணில் கிடந்தது.

ஐந்து பேரை வைத்து என்ன சொல்ல முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025இல் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழு, கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து இதையே செய்து காட்டியது. சந்தைப் பிள்ளைகள் எடையும் விலையும் மனத்திலேயே போட்டார்கள், தாளில் தடுமாறினார்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் தாளில் போட்டார்கள். சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரு தரப்பிலும் அறிவு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை.

பாலம் தானாக முளைக்காது என்பதைத்தான் கல்வி பேசுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். "வாழ்க்கையே பள்ளி" என்று மேடையில் சொல்லிவிட்டால் தார் சுற்றும் பெண்ணுக்கு வகுத்தல் வந்துவிடாது. ஆசிரியர் கரும்பலகையில் லுங்கிக் கணக்கை எழுதி, அவள் மனத்தில் போட்ட வழியை வாயால் சொல்லவைத்து, அதையே எண்ணாக எழுதிக் காட்ட வேண்டும். அது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் வாய்க்க, ஆசிரியருக்கு ஊர்த்தொழில் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். வேறு ஊரிலிருந்து பேருந்தில் வந்து போகிறவருக்கு அது தெரியாமல் போவதில் வியப்பில்லை.

வேலையைப் பெருமைப்படுத்துகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போகப் பிள்ளை உதவலாம் என்று 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஒரு சந்து விட்டிருக்கிறது. அந்தச் சந்தில் எத்தனை மணி நேரம் நுழையும் என்று எந்த அதிகாரியாலும் வீடு வீடாகப் போய் அளக்க முடியாது. அரை மணி நேரம் தார் சுற்றினால் கணக்குக்கு நல்லது. மூன்று மணி நேரம் சுற்றினால் கணக்கும் போச்சு, விளையாட்டும் போச்சு.

அக்கா வீட்டுத் திண்ணை

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பள்ளி மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து எழுத்தைப் பிடிப்பதற்குள் வீட்டுக்கு வந்த பிள்ளை, மூன்றாம் வகுப்புக்காரியாகப் பள்ளிக்குத் திரும்பினாள்.

எவ்வளவு இழந்தார்கள்? நல்லவேளையாகத் தமிழ்நாட்டில் அதற்கு முன்பே அளந்து வைத்திருந்தார்கள். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, திருநெல்வேலி ஆகிய நான்கு மாவட்டக் கிராமங்களில் 2019இல் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்திருந்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும், 2021 டிசம்பரில் அதே கிராமங்களுக்குப் போனார்கள். ஏறத்தாழ 19,000 பிள்ளைகள். அவர்கள் புள்ளியியல் மொழியில் சொன்னதை வரிசை மொழிக்கு மாற்றிச் சொல்கிறேன். 2019இல் அதே வயதில் இருந்த நூறு பிள்ளைகளைக் கணக்குத் திறன்படி வரிசையில் நிறுத்தினால், நடுவில் 50ஆவதாக நிற்க வேண்டிய பிள்ளை இப்போது கீழிருந்து 24ஆவது இடத்தில் நின்றது. தமிழில் 37ஆவது இடம். மொழி குறைவாகச் சரிந்ததற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே: தமிழ் வீட்டிலும் தெருவிலும் ஓடிக்கொண்டிருந்தது, பெருக்கல் வாய்ப்பாடு ஓடவில்லை.

அந்தச் சமயத்தில் வந்தது இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் ஐந்தாம் வகுப்பு வரையும், பட்டதாரிகள் எட்டாம் வகுப்பு வரையும் சொல்லித் தரலாம் என்றார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிக்குள், இருபது பிள்ளைகள் அளவில் ஒரு கூட்டம், திண்ணையிலோ மாடியிலோ கோயில் மண்டபத்திலோ. தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைகள் அவர்களை டீச்சர் என்று கூப்பிடவில்லை, அக்கா என்றார்கள்.

திட்டத்தைத் தொடங்கிய நாளில் ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆயிரம் ரூபாய்க்கு என்ன படிப்பு வரும் என்று. சிங் குழு 2022 மே வரை திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தது. பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளின் வேலை என்பது அவர்கள் கணிப்பு. இழப்பு ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகம். மீட்சியும் அவர்களுக்கே அதிகம், ஏனென்றால் இலவச மாலை வகுப்புக்கு அவர்கள்தான் கூடுதலாக வந்தார்கள். கல்வித் திட்டங்களில் இது அரிது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் எதையும் முதலில் பிடித்துக்கொள்ளும் என்பதே நாம் பார்த்துப் பழகியது.

ஏன் பலித்தது? நேரம் கூடியதால் என்பது பாதி விடை. மட்டம் பொருந்தியது என்பது இன்னொரு பாதி. நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புக் கழித்தல் வரவில்லையென்றால், நான்காம் வகுப்புப் பாடத்தை எத்தனை மணி நேரம் நடத்தினாலும் மேலே வழிந்துபோகும். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வட இந்தியாவில் பல ஆண்டுகள் செய்து காட்டியதும் இதுவே. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி பள்ளத்தாக்கில் பத்மநாப ராவும் ரமாவும் கிராமப் பிள்ளைகளுக்காகப் பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாக உடைத்து, ஏணி போல வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியிலிருந்து ஏறலாம். அந்த ஏணியைப் பார்த்துவிட்டு வந்துதான் 2003இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்; பிறகு அது மாநிலம் முழுவதற்கும் போனது. 2022 ஜூன் 13 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று மட்டம் பிரித்த பயிற்சி நூல்கள் உண்டு. பொதட்டூர்பேட்டை சித்தூர் மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில் இந்த ஏணி பிறக்கவில்லை. பிறந்த பிறகு சென்னை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

பணம் கட்டிப் போகும் டியூஷனில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிர். நாளைக்கு வகுப்பில் நடத்தப்போவதை இன்றைக்கே நடத்திவிடுவார்கள். இரண்டாம் வகுப்புக் கழித்தலுக்குத் திரும்பிப் போக யாருக்கும் பொறுமை இருக்காது, பெற்றோரும் விடமாட்டார்கள், "கட்டுற காசுக்கு ரெண்டாங்கிளாஸ் பாடமா?" என்று கேட்பார்கள்.

அக்கா என்ற அழைப்புக்குள் மதிப்பெண்ணில் வராத இன்னொன்றும் இருக்கிறது. ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, வீட்டுச் சண்டை, அம்மாவின் மனநோய் என்று எல்லா இடியும் விழுந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றுள் முக்கியமானது: பெற்றோராகவே இருக்க வேண்டியதில்லை, பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டாரோ, தன்னை விட்டுவிடாத பெரியவர் ஒருவராவது இருந்தார். கூலி நாளில் வீட்டுக்குள் குரல் உயரும்போது தெருக்கோடி அக்கா வீட்டுக்கு ஓடிவிட முடிகிற பிள்ளைக்கு அந்த மாலை வகுப்பு வெறும் கழித்தல் கணக்கு அல்ல. இதை எந்தத் தேர்வும் அளக்கவில்லை. அளக்காததால் திட்டம் சுருங்கியபோது யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை.

உப்புமாவும் ஓட்டை வகுப்பறையும்

பள்ளி மணி அடிக்கும் முன் பிள்ளைக்கு வேண்டிய காலையுணவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பள்ளியில் சாப்பாடு போடுவதில் தமிழர்களுக்கு நூறு வருட அனுபவம். 1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளி, 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலையுணவு. ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அதை விரித்தது 2024 ஜூலை 15, திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில். காலையிலேயே தறியில் உட்காரும் அம்மா இருக்கும் வீட்டில் ரவை உப்புமாவின் அருமையை யாரும் விளக்க வேண்டாம்.

ஒரே ஒரு செய்தி மட்டும், அதிகம் பேசப்படாதது. ஜமைக்காவின் கிராமப் பள்ளிகளில் 1990களில் காலையுணவு கொடுத்துப் பார்த்தார்கள். வருகை கூடியது, சின்ன வகுப்புகளில் கணக்கும் சற்றுத் தேறியது. ஆனால் வகுப்பறைக்குள் உட்கார்ந்து கவனித்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: ஒழுங்கான வகுப்பறை உள்ள பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைகள் பாடத்தில் கூடுதலாகக் கவனம் வைத்தார்கள். நெரிசலும் இரைச்சலுமான பள்ளிகளில், சாப்பிட்ட தெம்பில் பேச்சும் சேட்டையும்தான் கூடின. வயிறு நிறைந்த பிள்ளைக்குச் செய்ய ஏதாவது இருக்க வேண்டும்.

என்ன சொல்லிக் கொடுத்தாங்க?

"நாங்க படிக்கலை, நாங்க எப்படிச் சொல்லித் தர்றது?" தறிவீட்டுப் பெற்றோரின் இந்தக் கேள்விக்கு நினைவு பற்றிய ஆய்வில் நல்ல பதில் இருக்கிறது. சொல்லித் தரவே வேண்டாம்; கேட்டால் போதும்.

2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் மாணவர்களிடம் ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதை இரண்டாம் முறையும் படித்தது. மற்றக் கூட்டம் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 விழுக்காடு, மூடிவிட்டு எழுதியவர்களுக்கு 56. நினைவிலிருந்து வெளியே இழுக்கும் வேலையே நினைவை உறுதிப்படுத்துகிறது. உரக்கப் படி, பத்துத் தடவை படி என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொன்னது முதல் ஐந்து நிமிடத்துக்கான வைத்தியம்.

ஆகவே எழுத்தறியாத ஆயா ஒருத்தி சோறு போட்டுக்கொண்டே, "இன்னிக்கு என்னடா சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டு, பேரன் சொல்வதை நம்பாதவள் போல, "அதெப்படி? திரும்பச் சொல்லு" என்றால், ரோடிகர் ஆய்வகத்தில் நடந்ததுதான் அந்த அடுப்படியிலும் நடக்கிறது. அவளுக்கு விடை தெரிய வேண்டியதில்லை. அவன் சொல்வது அவள் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். இங்கேதான் மறுபடி தறி குறுக்கே வருகிறது. இரவு ஷிப்ட் ஓடும் வீட்டில் பேச்சுக்கும் தூக்கத்துக்கும் சேர்த்தே இடம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பகலில் கற்றது நிலைபெறுவது அந்தத் தூக்கத்தில்தான்.

வரி கட்டிய அறை

சரி, அந்த அமைதியான இடம் எது? வீட்டில் இல்லை, அக்கா வீட்டுத் திண்ணையும் எல்லாத் தெருவிலும் இல்லை. அந்த அக்கா வீட்டுக்குள்ளேயே தறி ஓடலாம்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வடிவமைத்தார், கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் நிறைவேற்றினார். அந்தச் சட்டத்தின் சூட்சுமம், நூலகத்துக்கான பணத்தை அரசின் தயவில் விடாமல் சொத்து வரியோடு கட்டிவிட்டதுதான். இன்றைக்குச் சொத்து வரி ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. பங்களாக்காரரும் கட்டுகிறார், தறிவீட்டுக்காரரும் கட்டுகிறார். ரசீதில் அந்த வரி தனியாகவே இருக்கும், யாரும் படிப்பதில்லை.

ஊரில் நூலகக் கட்டடம், மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி வகுப்பறை, பேரூராட்சியின் சமுதாயக் கூடம் என்று தறி இல்லாத கூரைகள் ஏற்கெனவே உண்டு. மாலை ஐந்து முதல் ஏழரை வரை அவற்றில் ஒன்று திறந்திருக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும். தெருவுக்குத் தெரிந்த ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் இருட்டிய பின் கூட்டமாக வீடு திரும்ப வழி இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத் திட்டம் போடுகிறவர்கள் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் வயதுக்கு வந்த பெண்களை யாரும் அனுப்பமாட்டார்கள். செலவு என்று பார்த்தால் ஒருவரின் ஊக்கத்தொகையும் மின்கட்டணமும். வார்டு கவுன்சிலரிடம் இதைக் கேட்கப் போகிறவர்கள் வீட்டு வரி ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது.